அபினுக்குப் பதிலாகப் போஞ்சி

"போஞ்சி காய்ந்து, உடைத்து, சாக்கில் கட்டியாயிற்று. வாங்க ஒருவரும் வரவில்லை. நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். இதை முடிக்காமல் வருவது சரியில்லை."

1976 நவம்பரில் தாய்லாந்தின் வடக்கு மலையிலிருந்து என் கணவர் எழுதிய வான்கடிதத்தின் வரிகள் இவை. தேதியை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. முத்திரையில் மாதமும் ஆண்டும் தெரிகின்றன, நாள் அழிந்துவிட்டது. மெல்பேர்னில் எனக்கு அது கிடைத்தபோது டிசம்பர் பிறந்திருந்தது.

அவர் விவசாயப் பட்டதாரி. அரசாங்க வேலையில் ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, பல நாடுகள் பணம் போட்டு நடத்திய ஒரு திட்டத்தில் சேர்ந்திருந்தார். மலைவாசிகளை அபின் செடியிலிருந்து வேறு பயிருக்கு மாற்றுவது திட்டத்தின் நோக்கம். அவருக்குக் கிடைத்த கிராமத்துக்கு காயவைத்த விதையைச் சமைக்கும் சிவப்புப் போஞ்சியை, பீன்ஸ் வகையொன்றை, தெரிவு செய்திருந்தார். விடுப்பு ஜனவரியோடு முடிந்துவிடும்.

வாக்குக் கொடுத்த கதையை அவர் ஜூனில் வீட்டுக்கு வந்திருந்தபோதே சொல்லியிருந்தார். மெல்பேர்னின் புறநகரான கிளேற்றனில் கணக்காளராக இருந்த அவருடைய பள்ளித் தோழர் எங்களைச் சாப்பிட அழைத்திருந்தார். குளிர் நாள். ஹீற்றரைச் சுற்றிக் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தோம்.

"என்ன மச்சான், அபின் தோட்டத்திலயிருந்து வெறுங்கையோட வந்து நிக்கிறாய்?" என்றார் தோழர்.

"கசகசாவும் அந்தச் செடியிலதான், வேணுமெண்டால் உன்ர குசினியில தேடிப் பார்."

"என்ர குசினியை உதுக்குள்ள இழுக்காதேங்கோ," என்று சமையலறையிலிருந்து தோழரின் மனைவி சொன்னார்.

அதன்பிறகுதான் என் கணவர் விஷயத்துக்கு வந்தார். "அந்தச் சனம் என்னட்டக் கேட்டது ஒரு கேள்விதான். ஆர் வாங்குவினம்? அபின் யாவாரி கோவேறு கழுதையோட வீட்டு வாசலுக்கு வாறான். விதைக்க முன்னமே அச்சவாரமாக் காசு குடுக்கிறான். போஞ்சியை ஆர் வந்து எடுக்கிறது? அங்க ரோட்டும் இல்லை."

"நீ என்ன சொன்னனி?"

"நான் ஆள் கூட்டிக்கொண்டு வந்து வாங்குவிப்பன் எண்டனான்."

"திட்டத்தில அப்பிடி எழுதிக் கிடக்கோ?"

"எழுத்தில என்ன கிடக்கு? எங்கட அப்பு புகையிலையை எழுதியோ வித்தவர்? யாவாரி தோட்டத்தில நிண்டு தலையாட்டினால் அதோட சரி."

"அது ஊரில உன்ர அப்புவும் சுன்னாகத்து யாவாரியும். இது அமெரிக்கன்ர காசு, மச்சான்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். தலையாட்டினால் விற்றதாகிவிடும் என்பதை அவர் எவ்வளவு நம்பினார் என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

அந்த வருடம் கிராமத்தார் அபின் விதைக்கவில்லை. அபின் விற்ற காசில்தான் அவர்கள் அரிசி வாங்குவார்கள். போஞ்சி விற்காவிட்டால் அரிசி இல்லை. அபின் விதைக்கும் பருவமோ கடந்துபோயிருந்தது. கொள்வனவுக்குப் பணம் ஒதுக்க முடியாது என்று திட்ட அலுவலகம் சொல்லிவிட்டது. விதைக்கு, உரத்துக்கு, பயிற்சிக்கு, அபின் செடியை வெட்டப் போகும் காவல்படையின் வண்டிக்குப் பணம் இருந்தது. வாங்குவதற்கு இல்லை.

டிசம்பர் முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் ட்ராமில் ஏறி மாநில நூலகத்துக்குப் போய்விடுவேன். பெரிய வட்ட மண்டபத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டுவேன். ஓர் இடத்தில் உட்கார்ந்து வாசிக்க வராது, எழுந்து நடப்பேன், திரும்பி வந்து விட்ட பக்கத்தைத் தேடுவேன். 1971இல் அமெரிக்கா வற்புறுத்தத் துருக்கி அபின் பயிரை நிறுத்த ஒப்புக்கொண்டது. 1974இல் அங்கு வந்த புது அரசாங்கம் மீண்டும் அனுமதித்தது. இடையில் விவசாயிகளுக்கு நட்டஈடாக அமெரிக்கப் பணம் போயிருந்தது. ஆகவே கொடுக்க நினைத்தால் கொடுக்க வழியுண்டு என்று ஒரு துண்டில் குறித்துக்கொண்டேன்.

என் கணவர் இருந்த மலைகளின் கதை வேறு. 1949இல் சீனாவில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற படையின் மிச்சம் அந்தப் பக்கம் வந்து தங்கியிருந்தது. அபின் வியாபாரத்தில் பெரும் பங்கு அவர்கள் கைக்குப் போனது. கம்யூனிசத்துக்கு எதிரானவர்கள் என்பதால் வாஷிங்டனில் நீண்ட காலம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சொந்தச் சிப்பாய்கள் வியட்நாமில் ஹெரோயின் பழகிய பிறகுதான் அந்த அபின் அவர்கள் கண்ணில் பட்டது. பாங்கொக்குக்கு இன்னொரு கவலை. காட்டுக்குள் கெரில்லாக்கள் இருந்தார்கள், மலைவாசிகள் தன் கண்பார்வைக்குள் இருக்க வேண்டும். அபினை ஒழிப்பது என்று எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

இவ்வளவுக்கும் அதே அபின் செடி நாங்கள் இருந்த நாட்டிலேயே, டாஸ்மேனியா மாநிலத்தில், சட்டப்படி பூத்துக்கொண்டிருந்தது, மருந்துக்காக. அங்கே விதைக்கும் முன்பே யார் வாங்குவது என்று கம்பனியோடு ஒப்பந்தம் ஆகிவிடும்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லத்தான் எங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனேன். எம்.பி. இல்லை. உதவியாளர் ஒரு இளைஞர், மரியாதையானவர், தேநீர் தந்தார். நம் நாட்டுப் பணம் பயிற்சிக்கு மட்டும் என்றும், பயிரை வாங்குவது வியாபாரம், அது உதவியில் சேராது என்றும் சொன்னார்.

"அந்தக் கிராமத்தில் இப்போது அபின் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்படியென்றால் திட்டம் வெற்றிதானே?"

அவர் நக்கலாகக் கேட்கவில்லை. நான் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி போயிற்று. அவருடைய மேலதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் தவணை வாங்கினேன். என் கடிதங்களுக்குப் பதில் இல்லை. பெப்ரவரியில் ஒரு தந்தி வந்தது, விமானத்தின் எண்ணும் நாளும் மட்டும். டல்லமரீன் விமான நிலையத்தில் இறங்கியபோது மெலிந்து, கறுத்துப் போயிருந்தார். கார் வீதிக்கு வந்ததும் கேட்டேன்.

"போஞ்சி?"

"வித்தாச்சு."

"திட்டக்காரர் வாங்கினவையோ?"

"இல்லை. அந்த மலைக்கு ஏறி வாற யாவாரி ஒருத்தன்தானே."

"அபின் யாவாரியோ?"

"ஓம். பாதி விலைக்கு எடுத்தான். மிச்சத்துக்கு, வாற வருச அபினுக்கெண்டு அச்சவாரம் குடுத்தான். சனம் அரிசி வாங்கிப்போட்டுது."

"நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்களோ?"

"தராசைப் பிடிச்சது நான். அவன் நிறையில களவெடுப்பான் எண்டு சனம் என்னைப் பிடிக்கச் சொன்னது."

வீடு வருவதற்குள் நான் இரண்டு இடங்களில் தவறான தெருவில் திரும்பினேன்.

அவர் பழைய வேலைக்குத் திரும்பினார். திட்டத்தின் ஆண்டறிக்கை பின்னர் தபாலில் வந்தது. அந்தக் கிராமம் அபினைக் கைவிட்டது என்றும் போஞ்சி அறுவடை முழுவதும் விற்பனையானது என்றும் அதில் இருந்தது. அந்த வருடத்துக்கு இரண்டும் உண்மை. அவர் அதை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். வாங்கியது யார் என்று திருத்தி எழுதுங்கள் என்று நான் சொன்னேன். ஆருக்கு எழுதுறது என்று கேட்டார்.

அச்சவாரம் வாங்கிய கிராமம் 1977இல் மறுபடி அபின் விதைத்ததா என்பது எனக்குத் தெரியாது. அவருடன் வேலை செய்த மொழிபெயர்ப்பாளர் அனுப்பிய ஒரே அஞ்சலட்டையில் எல்லோரும் நலம் என்று மட்டுமே எழுதியிருந்தது. மறு வருடம், அந்த மாவட்டத்தில் ஒரு கிராமத்தின் அபின் வயலைப் படையினர் வெட்டிச் சாய்த்ததாக மெல்பேர்ன் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வந்தது. கிராமத்தின் பெயர் போடவில்லை. அது இதே கிராமம்தானா என்று திட்ட அலுவலகத்துக்கு நான் எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. ஆகவே இதை உறுதிப்படுத்தப்படாத செய்தியாகவே இங்கே பதிகிறேன்.