மலையில் பேர் சொல்லக் கூடாது

காளிராஜும் வள்ளிமயிலும் என் சித்தப்பாவின் பேரப்பிள்ளைகள். அண்ணன் தங்கை. எனக்கு மகன் மகள் முறை. பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு தங்கையை வளர்த்தது காளிராஜ்தான். கழுகுமலைப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு லோடு ஆட்டோ ஓட்டினான். தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு, அவளைச் சுடலைராஜுக்குக் கட்டிக் கொடுத்தான். ஒரு நாளைக்கு நூறு தடவை "அண்ணே, அண்ணே" என்பாள். அந்தச் சத்தத்துக்காகவே அவன் உயிரோடு இருந்தான் என்று சொன்னால் தப்பில்லை.

ஆடி அமாவாசைக்கு நாங்கள் ஏழு பேர் மாலை போட்டு, மேற்கு மலை உச்சியில் இருக்கிற சாஸ்தா கோயிலுக்கு ஏறுவோம். காளிராஜ்தான் குருசாமி. அடிவாரம் தாண்டிவிட்டால் யாரும் யாரையும் பேர் சொல்லக் கூடாது, முறை சொல்லக் கூடாது. எல்லாரும் சாமிதான். முன்னால் போகிறவன் "சாமியேய்" என்றால் பின்னால் வருகிறவன் "சாமியோவ்" என்று இழுத்துப் பதில் கொடுக்க வேண்டும். பேரைக் கேட்டுவிட்டால் மலை ஆளைக் கேட்கும் என்று எங்கள் முன்னோர் சொல்லி வைத்தது. இந்தச் சட்டத்தில் காளிராஜ் கல்லு மாதிரி நிற்பான்.

ஒரு வருசம் பாதி மலையில் சுடலைராஜ் உட்கார்ந்துவிட்டான்.

"மச்சான், இன்னும் எம்புட்டுத் தூரம்? சாஸ்தாவைக் கொஞ்சம் எறங்கி வரச் சொல்லுமே."

எல்லாரும் சிரித்தோம். காளிராஜ் சிரிக்கவில்லை.

"ஏலே, யாருலே மச்சான்? போடு அம்பது தோப்புக்கரணம்."

"நீரு மட்டும் ஏலேன்னு சொல்லலாமா சாமி?"

"அப்ப நூறு போடு."

போட்டான். போகிற வருகிற கூட்டமெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தது. நாங்கள் கைதட்டி எண்ணினோம். நானும்தான் எண்ணினேன். முடித்தபோது அவன் முகத்தில் வேடிக்கை இல்லை. அதற்குப் பிறகு மலையில் அவன் வாய் தவறவே இல்லை.

அடுத்த வருசம் சாரல் கூடுதல். எங்கள் கரிசல்காட்டு ஆளுக்கு மேகம் என்றால் தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில் நிற்கிறது. அது இறங்கி வந்து மூக்குக்கு முன்னால் சுவர் மாதிரி மறைக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஓடையைத் தாண்டி எண்ணிப் பார்த்தால் ஆறு பேர்தான் இருந்தோம். காலில் முள் என்று கடைசியாக வந்த சுடலைராஜைக் காணவில்லை.

காளிராஜ் கையைக் குவித்து "சாமியேய்" என்றான்.

அமாவாசைக் கூட்டம். மேலே இருந்து ஒரு சாமியோவ். கீழே இருந்து நாலைந்து சாமியோவ். இடது கைப் பக்கம், பாதையே இல்லாத பள்ளத்திலிருந்தும் ஒன்று.

கூட வந்த ராஜபாண்டி பதறினான். "குருசாமி, பேரைச் சொல்லி ஒரு சத்தம் குடுப்பமா?"

"வாயை மூடும் சாமி. மலைக்கு நீரே காட்டிக் குடுத்துராதேயும். அதான் பதில் வருதுல்லா? வேற ஊர்க் கூட்டத்தோட வாராவ. நடங்க."

நடந்தோம். பள்ளத்துக் குரல் இன்னும் மூன்று தடவை வந்தது. அப்புறம் வரவில்லை. உச்சியில் பூசை பார்த்தோம், திருநீறு வாங்கினோம், இறங்கி வந்தோம். அடிவாரத்தில் எல்லா ஊர்க் கூட்டமும் வந்து சேர்ந்தது. அவன் வரவில்லை.

ஒன்பது நாள் தேடினார்கள். கிடைத்தது காவித் துண்டு ஒன்று, பள்ளத்துக்குள். மழை வெள்ளம் ஆளை எங்கே உருட்டிக் கொண்டு போனதோ. ஐந்து வயசு ஆனந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வள்ளிமயில் அடிவாரத்திலேயே கிடந்தாள். தேடிவிட்டு வந்த காட்டிலாகா ஆள் ஒருவர் அவளுக்கு எதிரிலேயே கேட்டார்: "சாமின்னு கூப்பிட்டா மலையே பதில் சொல்லும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்களாய்யா?"

வள்ளிமயில் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"கூப்பிட்டியளா அண்ணே?"

காளிராஜ் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினான்.

"ஒரு தடவையாவது?"

"மலையில... கூடாதுல்லா தாயி."

அவள் அழுகை அந்த இடத்தில் நின்றது. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "சரி சாமி" என்றாள்.

அன்றையிலிருந்து அவன் அவளுக்குச் சாமிதான். தாலியைக் கழற்றவில்லை, அண்ணன் என்ற சொல்லைக் கழற்றிவிட்டாள். சண்டை போட்டாலாவது பரவாயில்லை. காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஏற நிற்கும்போது அவன் லோடு ஆட்டோ வந்தால், நாலு பேர் கேட்க, "சாமி சாப்பிட்டாச்சா?" என்பாள். வீட்டு வாசலில் அவன் கொண்டுவந்து வைத்த உளுந்து மூட்டையை எடுத்துக்கொண்டு, "சாமி குடுத்தாவ" என்று தெருவுக்குச் சொல்வாள். பிள்ளையும் அப்படியே பழகிற்று. தெருவும் பழகிற்று. ரேஷன் கடையில்கூட அவன் பேர் சாமிதான். மாலை போடுவதை அவன் விட்டுவிட்டான். பட்டம் அவனை விடவில்லை.

எட்டு வருசம் கழித்து ஆனந்தி ஆளானாள். தாய்மாமன் இல்லாமல் எங்களில் சடங்கு கிடையாது. முதல் மாலை அவன் கைதான். காளிராஜ் என்னிடம் வந்து, "பெரியப்பா, சபையில அவ அண்ணேன்னு கூப்பிட்டுத்தான ஆகணும்?" என்று கேட்டான். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான். இருபத்தியொரு தட்டு. பட்டு, மாலை, வெள்ளிக் கொலுசு, எவர்சில்வர் குடம். மேளத்தோடு வந்தான்.

சபையில், "தாய்மாமன் வரலாம்" என்று குரல் கொடுத்தார்கள். காளிராஜ் மாலையோடு எழுந்தான்.

வள்ளிமயில் கையைக் காட்டினாள். "முத்துசெல்வம் அண்ணே, நீங்க வாங்க" என்று தூரத்து ஒன்றுவிட்ட அண்ணனைக் கூப்பிட்டாள். பிறகு காளிராஜிடம், "சாமி மாலை போடப்படாது. பிள்ளைக்குத் திருநீறு பூசிட்டுப் போங்க" என்றாள்.

ஆனந்தி, சொல்லி வைத்த மாதிரி, அவன் காலில் விழுந்தாள். "ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி."

பூசினான். பாதித் திருநீறு பிள்ளையின் மூக்கில் கொட்டியது. மாலையைத் தட்டிலேயே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினான். பத்தடி போயிருப்பான். நின்றான். திரும்பி, கையைக் குவித்து, தொண்டை கிழியக் கத்தினான்:

"ஏட்டி, வள்ளிமயிலூ!"

மேளக்காரன் அடியை நிறுத்திவிட்டான்.

உள்ளேயிருந்து அவள் பதில் கொடுத்தாள். அவசரமில்லாமல், நீளமாய், இழுத்து:

"சாமியோவ்..."

காளிராஜ் இன்னொரு தடவை கூப்பிடவில்லை. போய்விட்டான்.

தட்டுகளை நான்தான் லோடு ஆட்டோவில் திருப்பி ஏற்றினேன். என்னை வள்ளிமயில் சாப்பிட்டுப் போகச் சொன்னாள். இலை போட்டு, பாயசம் ஊற்றி, "இன்னும் கொஞ்சம் பெரியப்பா" என்றாள். என்னை அவள் இன்றும் முறை சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அன்றைக்கு மலையில் கேட்ட பள்ளத்துக் குரல் சுடலைராஜ் குரல்தான் என்று முதல் தடவையே எனக்குத் தெரிந்தது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.