என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த பருவம்

என் வீட்டுக்காரர் மானுடவியல் பேராசிரியர். மலைவாசிகள் இயற்கையை எப்படிக் கணிக்கிறார்கள், பருவநிலை மாறும்போது அந்த அறிவு என்ன ஆகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. கொடியில் காயும் துணி நனைவது இவர் கண்ணில் படாது. ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பார். உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டை ஒன்று வைத்திருக்கிறார், காட்டுக்குப் போவதற்கென்றே. அதைப் பார்த்துத்தான் என் அண்ணன் இவருக்குக் காட்டுராஜா என்று பேர் வைத்தான்.

ஒரு தடவை நானும் கூடப் போனேன். தேன் எடுப்பவர்களின் தலைவரைப் பாறைமேல் உட்காரவைத்து, மைக்கை மூக்குக்கு நேரே நீட்டி, எப்போது மலை ஏறுவீர்கள் என்று கேட்டார். கூடு கனத்தால் ஏறுவோம் என்றார் தலைவர். இவருக்கு அது போதவில்லை. அதற்கு முன்னால் ஏதாவது அறிகுறி இருக்குமே, மரம், பறவை என்று எடுத்துக்கொடுத்தார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. தலைவர் எதிரே நின்ற வெள்ளைப்பட்டை மரத்தைக் காட்டி, இது பூத்தால் ஏறலாம் என்றார். புதையல் கிடைத்த மாதிரி குதித்தார் இவர்.

வண்டியில் சொன்னேன்: "ஏங்க, அவரு நம்மள அனுப்பி வைக்கிறதுக்காகச் சொன்னதுங்க அது."

உனக்கு இதெல்லாம் புரியாது என்றார். கேட்டுக் கேட்டு என் காது புளித்த வாக்கியம்.

அந்த மரம் கட்டுரையாயிற்று, புத்தகமாயிற்று, மேடையாயிற்று. கடைசியில் வனத்துறையும் படித்தது. மலை மக்களின் அறிவை மதித்து, அந்த மரம் பூத்த பிறகுதான் தேன் எடுக்கவேண்டும் என்று உத்தரவு போட்டது. மரம் பூப்பது மழைக்காலம் முடிந்து. அதற்குள் தேனீக்கள் கூட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விடும்.

தலைவரும் அவர் மருமகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி மருமகள்தான் பேசினாள்.

"எங்களுக்கு வருமானம்னா இது ஒண்ணுதான் சார். எழுதினது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நீங்க விடாம கேட்டீங்க, மழை வேற வந்துச்சு," என்றார் தலைவர். "கண்ணுல பட்ட மரத்தைச் சொன்னேன்."

என் வீட்டுக்காரர் பொறுமையாக விளக்கினார். அது அவர்கள் முன்னோர்களின் அறிவாம். அடிமனதில் இருப்பதால் அவர்களுக்கே தெரியவில்லையாம். பிறகு மைக்கை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இப்ப சொன்னீங்களே, அதை மறுபடி சொல்லுங்க. அடுத்த கட்டுரைக்கு ஆகும்."

மருமகள் என்னைப் பார்த்தாள். டீயைத் தொடாமல் இருவரும் எழுந்து போனார்கள். நானே வனத்துறை அதிகாரிக்குப் போன் செய்தேன். பேராசிரியர் எழுதிக் கொடுக்கட்டும், மாற்றிவிடலாம் என்றார். அன்றிலிருந்து இவரிடம் கெஞ்சினேன், சண்டை போட்டேன், சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்தேன். மனிதர் அசையவில்லை.

அந்த வருஷம் அவர்கள் மலை ஏறவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. பாதிப்பேர் ஊரைவிட்டுக் கூலி வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

போன வாரம் இவருடைய புதுக் கட்டுரை வந்தது. மேஜை துடைக்கும்போது எடுத்துப் படித்தேன். தேன் எடுக்கும் வழக்கம் அந்த மக்களிடம் வேகமாக அழிந்துவருகிறதாம். காரணம் பருவநிலை மாற்றமாம்.