நக்கோ

என்னோடு படித்தவர்கள் கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த காலத்தில், நான் ஹைதராபாத் ஆய்வகமொன்றில் சென்சார்களுக்கான ஈயமில்லாத ஃபெரோஎலெக்ட்ரிக் பீங்கான் நுண்தூள் செய்துகொண்டிருந்தேன். எஃகுக் குடுவைக்குள் காரக் கரைசலை அடைத்து ஓவனில் வேகவைக்க வேண்டும்.

அங்கே உதவியாளர் ஒருவர், அந்த ஊர் போலாரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் ஹைதராபாத் உருது கலந்துவரும். இடப்புருவமே இருக்காது. ஓவனிலிருந்து எடுத்த குடுவையைக் காய்ச்சல்காரன் நெற்றிபோலப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திறக்கவிடுவார்.

ஒருநாள் அவர் தொடுமுன்பே நான் மூடியைத் திருகினேன்.

"நக்கோ! நக்கோ!" என்று கத்தினார்.

நான் திருநெல்வேலிக்காரன். ஊருக்குப் புதிது. ரத்தம் கொதித்தது.

"யாரப் பாத்துவே நக்கச் சொல்லுதீரு?" என்று வீம்புக்கு இன்னொரு சுற்றுத் திருகினேன்.

நெஞ்சில் உதைத்தார். நான் சுவரில் போய் விழவும் மூடி வெடித்துப் பறந்து டியூப்லைட்டைச் சிதறடித்தது. கொதித்த காரம் அவர் கையில் கொட்டி, தோல் உரிந்து தொங்கியது.

குழாயடியில் கையை நீட்டியபடி, "நக்கோன்னா வேணாம்... வேணாம்னுதானே தம்பி சொன்னேன்?" என்றார்.

"ஈயம் இல்லாததுதானே அண்ணே..." என்று உளறினேன்.

"ஹவ், ஆமா, ஈயம் இல்ல. கொதி இருக்குல்ல?"

அத்தனை கேவலமாகப் பேசியவனை அவர் ஏன் காப்பாற்றினார்? என் நெஞ்சில் அவர் செருப்புத் தடம் நீலமாகக் கன்றியிருந்தது. அது மறைந்துவிடக் கூடாதே என்று தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.