நெய்னா காக்கா சொல்லாத பெயர்

பாம்பனில் வந்து நெய்னா முகம்மது வீடு எது என்று கேட்டால், "அடிக்கிற நெய்னாவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். எங்களில் அண்ணனைக் காக்கா என்போம். தெருவுக்கே அவர் காக்காதான். ஆனால் பயந்துபோய்க் கூப்பிட்ட காக்கா. அவருடைய வாப்பா கருவாட்டு வியாபாரி, மகனை நங்கூரக் கயிற்றால் அடித்து வளர்த்தவர். வளர்ந்த பிறகு காக்காவின் கையும் அந்தக் கயிறு மாதிரியே ஆகிவிட்டது. விசைப்படகில் வேலைக்குப் போன காலத்தில், வலையை மிதித்தான் என்று ஒருவனுடைய தாடையை உடைத்தார். பலகையில் கிடந்த பல்லைக் காலால் கடலுக்குள் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்ந்தாராம். அல்லாஹ் மன்னிக்கட்டும். போலீஸ் தேடியதும் அவரைப் பெற்ற உம்மா தன் வளையலை விற்று அவரை சார்ஜாவுக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே கப்பல் சரக்குக் கம்பெனியில் சுமை ஏற்றும் வேலை. ஒரு நாள் மரப்பெட்டி சரிந்து வலது முட்டியை நசுக்கியது. நிற்க முடியாத ஆளை அலுவலகத்துக்குள் உட்கார வைத்தார்கள். அங்கே ஒரு கம்ப்யூட்டர். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, படம் ஒன்றும் கிடையாது. கட்டளையைத் தட்டினால் வேலை நடக்கும். காக்கா அதைப் படித்துக்கொண்டார். நொண்டிக்கொண்டே ஊர் திரும்பியபோது, விசைப்படகுச் சங்கத்தில் தூசி படிந்து கிடந்த கம்ப்யூட்டரை அவரிடம் ஒப்படைத்தார்கள்.

அவர் செய்த வேலையை எனக்கு விளங்கிய மட்டில் சொல்கிறேன். ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாகப் படகு எண்கள். இன்னொரு கோப்பில் வரிக்கு ஒருவராக உரிமையாளர் பெயர், தெரு, போன். 'பேஸ்ட்' என்று தட்டி இரண்டு கோப்பின் பெயரையும் கொடுத்தால், முதல் வரியோடு முதல் வரி, இரண்டாவதோடு இரண்டாவது என்று பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். தாளுக்கு அடங்காத நீள வரியை இன்னொரு கட்டளை மடித்துப் போடும். ஒட்டுகிற கட்டளைக்கு எது யாருடையது என்று தெரியாது. வரிசை ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

2007ஆம் வருஷம் விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் சண்டை முற்றியிருந்தது. கரையோரம் விரித்த வலைகளை விசைப்படகுகள் அறுத்துக்கொண்டு போகின்றன என்று தினமும் ஒரு கைகலப்பு. கல்லெறிந்தார்கள், ஒரு படகை எரித்தார்கள். அதிகாரிகள் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசி, எந்த எண் யாருடைய படகு என்று அச்சடித்து எல்லா ஊருக்கும் கொடுங்கள், வலை அறுந்தால் உடையவரோடு பேசித் தீர்க்கலாம் என்றார்கள். சமாதானத்துக்காகத்தான் அந்தப் பட்டியல்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. படகு உரிமையாளர் கடலில் இறந்தால், வருஷத் திதி முடியும்வரை அவர் வரியில் வேறு பெயர் எழுத மாட்டார்கள். மனைவி பெயரைக்கூட எழுத மாட்டார்கள். எழுதினால் கடல் அவரையும் கேட்கும் என்று பயம். அப்போது அப்படி வெறுமையாகக் கிடந்தது சேதுராமனுடைய வரி. முந்தின ஐப்பசியில் நடுக்கடலில் நெஞ்சில் குண்டு பாய்ந்து இறந்தவர். அவர் மனைவி இராமலட்சுமி எங்கள் வீட்டுக்கு அடுத்த ஓலை வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தாள். கூலிக்கு ஒரு டிரைவரை வைத்துப் படகை ஓட்டினாள்.

சங்கத்தில் பெயர்களைத் தட்டச்சு செய்த சண்முகவள்ளி, தாளில் இருந்தபடியே சேதுராமன் இடத்தில் ஒரு வெற்று வரியை விட்டிருந்தாள். காக்காவுக்கு சார்ஜாப் பழக்கம். ஒட்டுவதற்கு முன்னால் வெற்று வரிகளை எல்லாம் ஒரே கட்டளையில் நீக்கிவிடுவார். அங்கே வெற்று வரி என்றால் குப்பை. நீக்கியதும் கீழே இருந்த பெயர்கள் எல்லாம் ஒரு படி மேலே ஏறிவிட்டன. கடைசியில் ஒரு எண் மட்டும் பெயரில்லாமல் நின்றது. அதுதான் சேதுராமன் படகு, சண்முகவள்ளி கடைசியில் தள்ளியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அச்சடித்து ஒட்டிய தாளில் அவரவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்களே ஒழிய, எதிரே உள்ள எண்ணை யாரும் பார்க்கவில்லை. கரையில் படகை நிறத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

பட்டியல் போய்ச் சேர்ந்த அதே வாரம், உச்சிப்புளிக்கு அந்தப் பக்கத்துக் கரையில் ஒரு விசைப்படகு வலையை இழுத்துக்கொண்டு போனது. வலைக்கயிறு ஒரு வாலிபனின் கையில் சுற்றி, முழங்கைக்குக் கீழே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அவனுடைய அண்ணன் தனுஷ்கோடி விடியல் வெளிச்சத்தில் எண்ணைப் பார்த்துவிட்டான். பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே தங்கசாமி என்று இருந்தது.

அன்று பிற்பகல் அசர் தொழுகை முடிந்த நேரம் எங்கள் தெருவில் இரண்டு வேன் வந்து நின்றது. துடுப்பு, அரிவாள், பெட்ரோல் கேன். எதிர்வீட்டுத் தங்கசாமியைச் சோற்றுத் தட்டோடு வெளியே இழுத்தார்கள். என் நம்பர் அது இல்லை என்று அவர் கத்தக் கத்தத் துடுப்பால் அடித்தார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் எங்கள் அடுப்படிவரை கேட்டது. வலைகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். நைலான் உருகி, அணைக்கப் போன ஒருவருடைய காலில் ஒட்டித் தோலோடு வந்தது.

சங்கத்துக்கு யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். காக்கா, சண்முகவள்ளி தட்டின கோப்பைத் திறந்து வரியை எண்ணிப் பார்த்தார். அந்த எண்ணுக்கு நேரே வெற்று வரி. நொண்டிக்கொண்டே ஓடி வந்தார். முதலில் செய்தது பழைய காக்கா செய்கிற காரியம்தான். ஒருவன் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கி அவன் மூக்கில் இறக்கினார். ரத்தம் பீறிட்டது. அதற்குள் அவர் மேல் ஏழெட்டுப் பேர் விழுந்துவிட்டார்கள்.

"நம்பர் இவருது இல்ல. ஒரு வரி நழுவிப்போச்சு. தப்பு என் மேல" என்று தரையில் கிடந்தபடியே சொன்னார்.

இதைக் கேட்டதுமே தெருவுக்கு விளங்கிவிட்டது. பட்டியல் சங்கத்தில் சேர்ந்த வரிசைப்படிதான், தங்கசாமிக்கு முந்திச் சேர்ந்தவர் சேதுராமன் என்று எல்லோருக்கும் தெரியும். இராமலட்சுமி எங்கள் வீட்டுக்குள்தான் நின்றாள். வாசலுக்கு ஓடப் பார்த்தவளைப் பெண்கள் சேர்ந்து பிடித்து வாயைப் பொத்தினோம். ஓலை வீட்டுக்குள் பிள்ளைகள் இருந்தார்கள். வெளியே பெட்ரோல் கேன் இருந்தது.

தனுஷ்கோடி காக்காவின் மயிரைப் பிடித்துத் தூக்கினான். "அப்ப யாரு நம்பர்யா அது?"

"தெரியும். சொல்ல மாட்டேன். நாளைக்குச் சங்கத்துக்கு வா, எல்லாரையும் வச்சுச் சொல்றேன்."

"நாளைக்கு எந்தம்பிக்குக் கை முளைச்சிருமா?"

"முளைக்காது. இன்னைக்கு நீ தீ வச்சாலும் முளைக்காது."

"இந்தக் கையாலதானடா தட்டுன" என்று அவர் வலது கையைத் தங்கசாமி வீட்டு வாசல்படியில் வைத்து அமுக்கினார்கள். வேனிலிருந்து ஒருவன் ஸ்பேனர் கொண்டுவந்தான். ஒரு விரலுக்கு ஒரு தடவை கேட்டார்கள். முதல் விரலில் அலறினார். இரண்டாவதில் வாப்பாவைக் கூப்பிட்டார். அடித்த வாப்பாவை. மூன்றாவதில் சத்தமே வரவில்லை. பக்கத்தில் தோள் முறிந்து கிடந்த தங்கசாமிக்கும் பெயர் தெரியும். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பாலத்துப் பக்கம் போலீஸ் ஜீப் சத்தம் கேட்டதும் வேன்கள் கிளம்பிவிட்டன.

அன்று பொழுது சாய்வதற்குள் இராமலட்சுமியின் டிரைவர் ஊரைவிட்டு ஓடிவிட்டான். மறுநாள் காலையில் அவள் என்னிடம் வந்து, துணைக்கு வாறீகளா என்று மட்டும் கேட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் உச்சிப்புளி போய் அங்கிருந்து நடந்தோம். வழியெல்லாம் நான் ஓதிக்கொண்டே போனேன்.

தனுஷ்கோடியின் அம்மா கருத்தம்மாள் மகனுடைய ரத்தம் பட்ட துணியை அலசிக்கொண்டிருந்தார். இராமலட்சுமி நேரே போய் நின்றாள்.

"என் படகுதான் ஆத்தா. ஓட்டுனவன் ஓடிட்டான். நான் வந்திருக்கேன்."

கருத்தம்மாள் எழுந்து ஈரக்கையால் அறைந்தார். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. இன்னொரு அறை. உள்ளேயிருந்து தனுஷ்கோடி அரிவாளோடு வந்தான்.

"ஏலே, உக்காரு. பொம்பளையா வந்து நிக்கிறா" என்றார் கருத்தம்மாள். பிறகு அவளுடைய வெறுங்கழுத்தைப் பார்த்தார். "புருசன் எங்க?"

"ஐப்பசியில குண்டு பட்டுச் செத்துட்டாரு."

படகைக் கொண்டுவந்து விடுகிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் இராமலட்சுமி. தம்பி கையைத் தின்ற படகில் நாங்கள் ஏற மாட்டோம், விற்றுவிட்டு வா என்றான் தனுஷ்கோடி. அவள் சரி என்றாள். அந்த மாதமே விற்று, வலைக்கும் வைத்தியத்துக்கும் கொடுத்தாள்.

அன்று அங்கிருந்து அப்படியே ராமநாதபுரம் போய் ஆஸ்பத்திரியில் காக்காவைப் பார்த்தோம். கை பெரிய கட்டாக மார்பில் கிடந்தது. விஷயத்தைச் சொன்னதும் கோபம் வந்துவிட்டது.

"நீயே போயிச் சொல்றதா இருந்தா நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல. நான் எதுக்கு அடி வாங்குனேன்?"

"நேத்துன்னா அவுக என் வீட்டுக்கு வந்திருப்பாகண்ணே. இன்னைக்கு நானாத்தானே போனேன்."

காக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, வாயில் என்ன காயம் என்று கேட்டார். அந்த அம்மா அடித்ததைச் சொன்னாள்.

"அந்த வீட்டுல எல்லாருக்கும் கை நல்லா நீளுது" என்றார். சொன்ன பிறகுதான் கை போன அந்தத் தம்பியின் நினைப்பு வந்திருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது. அவன் பெயர் என்ன என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவனுக்காக அல்லாஹ்விடம் துஆ கேளு என்றார்.