மணியைக் கூப்பிட்ட நாள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் ஜாஸ்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று சுவருக்கு அடித்த சுண்ணாம்பின் வாசனை, ஆம்பூரில் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்துப் பதனிட்ட, இப்போது இல்லாத அந்தத் தோல் ஷாப்பின் பின்வாசலுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. தோலில் சுரண்டிப்போட்ட ஜவ்வுக்காக நாய்கள் சுற்றிவரும், ஞாயிறுதோறும் ஷாப் ஆட்கள் அவற்றைப் பட்டினி போட்டுச் சண்டைக்கு விடுவார்கள். ஒரு ஞாயிறு, அவற்றில் நான் சோறு வைத்து வளர்த்த மணியைப் பக்கத்து வீட்டு ஜுபேதா அக்கா தன் கொல்லையில் ஒளித்துவைத்து, வாசலை மறித்து நின்றார்.

"வாயில்லா ஜீவன்டா! பேஜார் பண்ணாம போங்கடா!"

ஆட்கள் என் பக்கம் திரும்பினார்கள். "நீ கூப்ட்டா வரும்ல கண்ணு? கூப்புடு."

பெரியவர்கள் என்னைக் கேட்கிறார்களே என்ற பெருமையில் கூப்பிட்டேன். மணி சுவரைத் தாண்டி வாலாட்டிக்கொண்டே வந்தது. அன்றைய சண்டையில் செத்துப்போனது.

அப்போது எனக்கு ஒன்பது வயது என்று நினைவு. அந்தச் சண்டை நடந்தது எந்த வருஷம் என்று தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். இன்னும் சின்னவளாக இருந்திருந்தால் தேவலை.