இதுவும் படிப்புதானுங்களா?

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு மார்ச் மாதம். கல்வராயன் மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு நான் ஆசிரியை. சொந்த ஊர் சின்னசேலம். தினமும் கள்ளக்குறிச்சி வந்து மலைக்குப் போகிற பேருந்தைப் பிடிப்பேன்.

அந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. ஜூன் கடைசியில் மூடிய வாயை அவள் மார்ச் வரை திறக்கவே இல்லை. எழுத்து அட்டையை நீட்டினால் குனிந்துகொள்வாள். பலகையில் எழுதச் சொன்னால் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பாள். மதிப்பீட்டுப் பதிவில் அவள் பெயருக்கு நேரே ‘எழுத்து அறியவில்லை’ என்று எழுதினேன். அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு, “படிப்பு வரலைங்க” என்றும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அது பெரிய வார்த்தையாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. நான்காம் நாள் மதியத்துக்கு மேல் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கே போனேன். அம்மா துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

“அவுங்க அப்பா காபி எஸ்டேட்டுல மொளகு பறிச்சிக்கினு இருக்காரு டீச்சர். நானும் போறேன். தம்பிய பாத்துக்கினு இவ கூட இருக்கட்டும். படிப்புதான் வரலன்னு நீங்களே சொல்லிட்டீங்களே” என்றார்.

பள்ளியைவிட்டு ஒரு குழந்தையை நிறுத்துவதற்கு என் பேச்சே காரணமாகியிருந்தது. ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். அப்போது அம்மாவின் செல்போனில் செய்தி வந்த சத்தம். அவர் பேச்சை நிறுத்தாமலே போனை மகளிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்த குழந்தை, எழுத்துக்கூட்டி, ஆனால் சத்தமாகப் படித்தாள்.

“வெள்ளிக்கிழம வரல. மழ ஜாஸ்தி. வூட்ட பூட்டிட்டு நீங்க வாங்க.”

‘வெள்ளிக்கிழம’வில் மட்டும் ஒரு நொடி நின்றாள். ‘வெள்’ என்பதைத் தனியாகச் சொல்லிப் பார்த்துவிட்டு மீதியைச் சேர்த்துக்கொண்டாள். மெய்யெழுத்தைச் சேர்த்துப் படிக்க நான் வகுப்பில் சொல்லித்தந்த அதே முறை. குனிந்தபடியே அத்தனையையும் கேட்டிருக்கிறாள்.

“எப்பலேர்ந்து இப்படிப் படிக்கிறா?” என்று கேட்டேன்.

“பொங்கலுக்கு அப்புறந்தாங்க. அவரு அனுப்பறத இவதான் படிச்சிச் சொல்லுவா. எனக்கு இன்னா தெரியும்?” என்ற அம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். “இதுவும் படிப்புதானுங்களா?”

“இதுதாங்க படிப்பு” என்றேன்.

பள்ளியில் ஏன் படிக்கவில்லை என்று குழந்தையிடம் கேட்டேன். அம்மாதான் சொன்னார். “வூடுன்னு சொன்னா சிரிக்கிறாங்களாம்.”

அப்போதுதான் நினைவு வந்தது. பள்ளி திறந்த புதிதில் ஒரு படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். அவள்தான் முதலில் எழுந்து ‘வூடு’ என்றாள். “வூடு இல்ல, வீடு. ஒழுங்கா சொல்லு” என்று சிரித்துக்கொண்டே திருத்தினேன். நான் சிரித்ததும் வகுப்பே சிரித்தது. அன்று மதிய உணவு மணி அடிப்பதற்குள் நான் அதை மறந்திருப்பேன்.

அவள் முன்னால் உட்கார்ந்து, “டீச்சர் செஞ்சது தப்பு, கண்ணு” என்றேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன். கடைசியில் கைக்குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனார். இவளை அதே ஊரில் இருந்த தன் தங்கை வீட்டில் விட்டார்.

ஜூனில் பலகையில் வூடு, வீடு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ஒன்று நாம் பேசுவது, இன்னொன்று புத்தகத்தில் இருப்பது, இரண்டுமே நம்முடையது என்றேன். அவள் உடனே பேசிவிடவில்லை. முதலில் பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி படித்தாள். ஆடிக்குப் பிறகு எனக்குக் கேட்டது. அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது, சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வருடக் கடைசியில் பெற்றோர் கூட்டம். அம்மா வந்திருந்தார். இரண்டாம் வகுப்புப் பாடப் புத்தகத்திலிருந்து ஒரு கதையை, பக்கம் முழுவதும், அவள் எங்கும் நிற்காமல் படித்தாள். முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா தட்டவில்லை. எழுந்து நின்று, “இன்னொரு தடவ படிக்கச் சொல்லுங்க டீச்சர்” என்றார். அவள் மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள். அன்று எனக்கு இருந்த பெருமையை மறைத்துக்கொள்ள ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

இப்போது அவள் நான்காம் வகுப்பு. என் வகுப்பில் புதிதாக ஒரு பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்தால், அதற்கு எதுவும் தெரியவில்லை என்று எழுத இன்றைக்கும் என் கை போவதில்லை. அதற்குத் தெரிந்ததை நான்தான் இன்னும் கேட்கவில்லை என்று நினைத்து, பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.