ஈக்காரரின் மூன்று தட்டு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் ஈக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. இருபத்தெட்டு வருடமாகப் பழ ஈக்களைத் தட்டுவது அவர் உத்தியோகம். சிரிக்க வேண்டாம். ஈ ஓட்டியே ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ அலுவலகங்களில் உண்டு. இவர் ஈயை வேலை வாங்கினார்.

கண்ணாடிக் குழாயில் பத்து ஈக்களை விட்டு, மேஜைமேல் விரித்த ரப்பர் விரிப்பில் மூன்று தட்டு தட்டினால் அத்தனையும் அடியில் விழும். பிறகு ஏறத் தொடங்கும். பத்து விநாடியில் குழாயின் மேல்பக்கம் வரைந்த கோட்டை எத்தனை ஈ தாண்டியது என்று எண்ண வேண்டும். இளசுகள் விறுவிறுவென்று ஏறும். ஒன்றரை மாதக் கிழங்கள் பாதியில் நின்றுவிடும். ஒரு மரபணுவில் சின்னத் திரிபு இருந்தால் கிழ ஈக்கும் கால் தளராது என்று ஆய்வுக்கூடத் தலைவி மேடம் நம்பினார். திரிபு ஈக்கள் ஈக்காரர் கைக்கு, சாதா ஈக்கள் ஆராய்ச்சி மாணவி கைக்கு என்று பிரித்தும் கொடுத்தார்.

ஆறு மாதமாக ஈக்காரரின் வலது கை நடுங்கியது. தெரிந்தால் வேலை போய்விடும். மனைவிக்கு மட்டும் தெரியும்.

"டாக்டர்கிட்ட காட்டுங்கன்னா கேக்கறீங்களா?"

"காட்டினா தகுதியில்லன்னு எழுதிக் குடுத்துடுவான். அப்புறம் நாள் பூரா உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு உக்காரணும்."

"ஆமா, ஈ மூஞ்சி பாத்த கண்ணுக்கு என் மூஞ்சி எங்க பிடிக்கும்!"

திரிபுக் கிழங்கள் பத்துக்கு ஒன்பது கோட்டைத் தாண்டின; மாணவி தட்டிய சாதாக் கிழங்கள் பத்துக்கு நாலுதான். மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரை அனுப்பவிருந்த வாரத்தில் மாணவி காய்ச்சலில் படுக்க, சாதா ஈக்களையும் ஈக்காரரே தட்டினார். அவையும் பத்துக்கு ஒன்பது!

மறுபடி தட்டினார். இந்த முறை கோட்டைப் பார்க்காமல் குழாயின் அடியைப் பார்த்தார். விழுந்தது மூன்றே ஈ. மற்றவை நடுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கிருந்தே ஏறின. அவற்றை உதறித் தள்ள அவர் தட்டில் வலு இல்லை. ஈக்கள் வழக்கம்போலக் கிழடாகிக்கொண்டுதான் இருந்தன. தட்டிய கையும்தான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிலைத்திருக்கும். மனுஷர் நேரே மேடம் அறைக்குப் போனார்.

"ஈ மேல தப்பில்ல மேடம். என் கை நடுங்குது. தட்டு சரியா விழல."

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல."

மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. காய்ச்சல் விட்டு வந்த மாணவியைத் தட்டச் சொன்னார். திரிபு ஈக்கள் பத்துக்கு இரண்டு, சாதாவைவிட மோசம். கட்டுரை குப்பைக்குப் போனது. ஈக்காரரின் நேர்மையை மேடம் கூட்டம் போட்டுப் பாராட்டினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். திங்கட்கிழமை உத்தரவு வந்தது: கை நடுக்கத்தால் பணிக்குத் தகுதியற்றவர்.

உத்தரவைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். அலுவலக கிளார்க் உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய கையெழுத்தோட ஒத்துவரலையே சார்."

"கை நடுங்குதுப்பா. அதனாலதானே அனுப்பறீங்க?"

"அதெல்லாம் மேலிடத்து சமாச்சாரம். எனக்குக் கையெழுத்து ஒத்துவரணும். நிதானமா, நடுங்காம ஒண்ணு போடுங்க."

ஐந்து தாள் வீணாயிற்று. இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆறாவதைப் போட்டார். கிளார்க் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பாத்தீங்களா, மனசு வச்சா வருதுல்ல!" என்று முத்திரையைக் குத்தினார்.